ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியோடு வர வேண்டாம்

புதன்கிழமை காலை

அன்பு மைத்துனருக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உன் உதிரிபாகக் கடையும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். கடையைக் கடைசியில் சொன்னதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. மனிதர்களை முதலில் விசாரிப்பதுதான் முறை.

போன வாரம் ஃபோனில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று மழுப்பக் கூடாது. "அத்தான், ஞாயித்துக்கிழமை காலைல நான் என் வண்டிய எடுத்துட்டு வந்துடறேன். வேண்டாம்னா எழுத்து மூலமா சொல்லுங்க. நீங்க வாயால ஆயிரம் சொல்லுவீங்க, அதெல்லாம் நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்." சரி, எழுத்து மூலமாகவே சொல்லிவிடுகிறேன். வர வேண்டாம். ஃபோனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்றாவது வாக்கியத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, கடைசி வரி வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன். என் ஒரே மகள், உன் மருமகள், மலை உச்சியில் இருக்கிற வானிலை நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு மழையையும் காற்றையும் அளந்துகொண்டிருக்கிறாள். ஒன்பதாவது மாதம் பிறந்துவிட்டது. மருமகன் கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறாரோ, அடுத்த மாதம்தான் கரைக்கு வருவார். மகளுக்கு விடுப்பு ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்குகிறது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்பதால் அவள் கடைசி நாள் வரைக்கும் வேலை பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், அந்தப் பிடிவாதம் உன் அக்கா வழியில் வந்தது. மலைப்பாதை பதினெட்டு கிலோமீட்டர், மண்ணும் சரளைக் கல்லும், பதினோரு வளைவு, பஸ் கிடையாது. "நானே என் வண்டியில வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம், மாமா வண்டியே போதும்" என்றாள். எனக்கு அது வலித்தது, மச்சான். ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே வலித்தது. பெற்றவன் நான் இருக்கும்போது மாமா வண்டி எதற்கு? அடுத்த வாரமே போய் இருபத்தாறு வருடம் ஓடிய நாலு சக்கர இழுவை டீசல் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன்.

அதை நீ வந்து பார்த்தாய், கீழே படுத்துப் பார்த்தாய், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, காற்று வடிகட்டிக்கு வண்டியோடு வந்த காகித ஃபில்டரே போதும், கூட இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு, புழுதி ஏறினால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு, டயரைப் பெரிதாக்கக் கூடாது. பெரிதாக்கினால் அச்சுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பல் சக்கரங்களையும் மாற்ற வேண்டும். "டயர் பெருசானா ஒரு சுத்துக்கு வண்டி கூடுதல் தூரம் போவும் அத்தான், எஞ்சினுக்குப் பாரம் ஏறிடும். முன்னாடி பின்னாடி ரெண்டு அச்சுலயும் ஒரே கணக்கா பல்லை மாத்தணும்" என்றாய். நீ சின்ன வயதிலிருந்து கிரீசில் புரள்கிறவன், அதை நான் மதிக்கிறேன். ஆனால் நானும் முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். என் கையால் முத்திரை வைத்த தராசு இந்த ஊர்க் கடைகளில் எத்தனையோ. அளவு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொண்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் டயர். பழையது இருபத்தெட்டு அங்குலம், பார்ப்பதற்கு வண்டி முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. டயர்க்கடைக்காரர் முப்பத்தொரு அங்குலத்தைக் காட்டினார். மாட்டியதும் வண்டிக்கு ஒரு கம்பீரம் வந்தது பார், தெருவே நின்று பார்த்தது. உன் அக்காவுக்கு மட்டும் ஏறுவதற்குக் கால் எட்டவில்லை. குளியலறை முக்காலியைக் கொண்டுவந்து வைத்து ஏறினாள், ஏறிய பிறகு முக்காலி தரையிலேயே இருந்தது, இறங்கி அதை எடுத்தால் மறுபடி ஏற முடியாது. இப்போது முக்காலிக்கு ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். ஏறிவிட்டு இழுத்துக்கொள்கிறாள். மனித மூளைக்குத் தீராத பிரச்சினை எதுவும் இல்லை.

டயர் மாட்டிய நாள் முதல் ஒரு புது விஷயம் கண்ணில் பட்டது. நான் டீசல் ஊற்றும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்து வைக்கிறவன் என்பது உனக்குத் தெரியும். முன்பு லிட்டருக்குப் பதினொன்று கொடுத்த வண்டி, பத்துக்கு இறங்கிவிட்டது. ஏன்? யோசித்தேன். எஞ்சின் மூச்சு விடத் திணறுகிறது. மூச்சுக்கு யார் பொறுப்பு? காற்று வடிகட்டி. அப்படியென்றால் நீ பரிந்துரைத்த காகித ஃபில்டர்தான் குற்றவாளி என்று முடிவு செய்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டர் ஒன்றை வாங்கினேன். அதில் எண்ணெய் தடவ வேண்டுமாம், எண்ணெயில் புழுதி ஒட்டிக்கொள்ளும், காற்று மட்டும் உள்ளே போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டைப்பெட்டியில் என்ன போட்டிருந்தான் தெரியுமா? "சிறிதளவு எண்ணெய் இடவும்." சிறிதளவு என்பது ஓர் அளவா, மச்சான்? பணியில் இருந்தபோது எவனாவது பொட்டலத்தில் சிறிதளவு என்று அச்சடித்திருந்தால் கடையைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். ஆகவே நானே ஃபில்டரின் மடிப்புகளை விரித்துப் பரப்பளவு கணக்குப் போட்டு, இருநூறு மில்லி என்று தீர்மானித்து, அளவுக் குவளையால் சரியாக ஊற்றினேன். ஒரு சொட்டு கூடவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை.

காலையில் வண்டியை எடுத்தபோது தெருமுனை வரைக்கும் கரும்புகை. எதிர்வீட்டு ஆசிரியை அன்றைக்குத்தான் வெள்ளைப் புடவை நாலும் போர்வை இரண்டும் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாகிவிட்டது. வாசலில் நின்று புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வண்டி புதுசா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். அவற்றை உன் அக்கா வாங்கி வந்து இரண்டு நாள் ஊறவைத்துத் துவைத்துக் கொடுத்தாள். துவைக்கும்போது ஒவ்வொரு புடவையையும் என்னை அடிப்பது போலக் கல்லில் அடித்தாள். நான் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

பருத்தி தோற்றது என்று நீ சிரிப்பாய். சிரி. அதனால்தான் மூன்றாவது வழிக்குப் போனேன். பழைய டிராக்டரில் இருக்குமே, அடியில் எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஃபில்டர், காற்று எண்ணெயை உரசிக்கொண்டு போகும், புழுதி அடியில் தங்கிவிடும். பழைய சாமான் கடையில் அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஏனென்றால் அந்தக் கிண்ணத்தில் ஒரு கோடு இருந்தது. இவ்வளவு எண்ணெய், அவ்வளவுதான், சிறிதளவு பெரிதளவு என்ற பேச்சே இல்லை. கொஞ்சம் உயரமாக இருந்ததால் வண்டியின் பானெட் மூடவில்லை, என் பழைய இடுப்பு பெல்ட்டைப் போட்டுக் கட்டிவிட்டேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சார், இது சமதரைக்குச் சரி. மேட்டுல மூக்கைத் தூக்குச்சுன்னா கிண்ணம் சாஞ்சு எண்ணெய எஞ்சின் குடிச்சிரும்" என்றான். "கோடு வரைக்கும்தான் ஊத்தியிருக்கேன்ப்பா" என்றேன். "கிண்ணமே சாயும்போது கோடு என்ன சார் பண்ணும்?" என்றான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு அளவின் மேல் நம்பிக்கையே இல்லை.

அதே மெக்கானிக் கிரவுன் பினியனைப் பற்றியும் உன் பாட்டையே பாடினான். உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா? நான் அச்சின் மூடியைக் குனிந்து பார்த்தேன். திருகுகளின் தலையில் தொழிற்சாலையில் வைத்த மஞ்சள் வண்ணப் பொட்டு இருபத்தாறு வருடமாக அப்படியே இருக்கிறது. முத்திரை, மச்சான். முத்திரை உடையாத பொருளை நான் உடைக்க மாட்டேன், அது என் தொழில் தர்மம். உள்ளே கியருக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி லிவரைப் போட்டால் மேட்டில் இழுவை கூடுமாமே, அது துருப்பிடித்து அசையவில்லை. உன் அக்கா அதில் கைப்பையை மாட்டி வைக்கிறாள். ஒத்திகைக்காகப் போன வாரம் மூன்றாவது வளைவு வரைக்கும் ஏறிப் பார்த்தோம். "என்னங்க, ஏதோ தீயிற வாசனை வருதே" என்றாள். காட்டில் யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று விளக்கினேன். அவளுக்கு முட்டிவலி வேறு, திரும்பிவிட்டோம். மறுநாள் கிளட்ச் தகடு மாற்றினோம், அது வழக்கமான தேய்மானம்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. ஊர் எல்லையில் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று பலகை இருக்கிறது. என் மீட்டரில் முள் சரியாக ஐம்பதில் நிற்க, போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கையில் வேகம் அளக்கும் கருவி. "அம்பத்தஞ்சு சார்" என்றார். வேறு யாராவது என்றால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பார்கள். நான் இறங்கி, "தம்பி, இந்தக் கருவிக்குச் சரிபார்ப்பு முத்திரை எந்தத் தேதியில வச்சது?" என்று கேட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலாவதியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மரியாதையாக அனுப்பிவைத்தார். வழியெல்லாம் உன் அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன், அவள் தூங்கிவிட்டதால் பாதியை வீட்டுக்கு வந்து மறுபடி சொன்னேன்.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. டயர் மாட்டுவதற்கு முன்னால் மலைப்பாதை எவ்வளவு தூரம் என்று நான் அளந்து பார்த்ததே இல்லை, அரசாங்கக் கல்லை நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் உன் மருமகளின் அலுவலக லாரி பின்னாலேயே வந்து தள்ளிவிட, உச்சி வரைக்கும் ஒரு தடவை ஏறிவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு மீட்டரைக் குறித்தேன். பதினெட்டாவது கல்லருகே என் மீட்டர் பதினாறே கால்தான் காட்டுகிறது. ஒரு கல்லுக்கு நூறு மீட்டர் விழுங்கியிருக்கிறார்கள். எந்தக் கங்காணியோ கல்லை நெருக்கி நெருக்கி நட்டுவிட்டுப் போயிருக்கிறான், இத்தனை வருடமாக ஒருவனும் கேட்கவில்லை. நெடுஞ்சாலைத் துறைக்கு ஆறு பக்கம் மனு எழுதினேன். இளநிலைப் பொறியாளர் ஒருவர், நல்ல பிள்ளை, டேப்போடு வந்து வெயிலில் முதல் கிலோமீட்டரை அளந்தார். "கரெக்டா ஆயிரம் மீட்டர் இருக்கு ஐயா" என்றார். நான் டேப்பை வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, வெயிலில் டேப் நீண்டிருக்கும், அதைச் சரிபார்க்க அனுப்புங்கள் என்று யோசனை சொன்னேன். அவர் நீண்ட நேரம் என் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார், டயரைக் குனிந்து கூடப் பார்த்தார். பிறகு "ஐயாவுக்குக் கோபம் வராதுன்னா ஒண்ணு சொல்லலாமா?" என்றார். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். சின்னப் பிள்ளைகள் வண்டியைப் பார்த்தால் ஆசைப்படுவார்கள், எடுத்து ஓட்டவா என்று கேட்பார்கள்.

ஆக, டயர் சரி, ஃபில்டர் சரி, பல் சக்கரம் முத்திரையோடு சரி, கிளட்ச் புதிது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு உச்சியில் இருப்பேன், பதினோரு மணிக்கு மகளை வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவேன். அவள் உன்னிடம் ஏதாவது சொல்லியிருந்தாலும், "அப்பா பார்த்துக்கறாரும்மா" என்று மட்டும் சொல். என் வாழ்க்கையில் இதுவரைக்கும் அவளிடம் தப்பான அளவு ஒன்றைச் சொன்னதில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உயரத்தைக் கதவுச் சட்டத்தில் குறித்து வைத்தவன் நான். இந்த ஒரு தடவை அவளைக் கீழே கொண்டுவருகிறவன் நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகத்தான் நீ வர வேண்டாம் என்கிறேன், உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு, நீண்ட நாள் வாழ ஆசி கூறுகிறேன். இதைத் தபாலில் போடச் சொல்லி இப்போதே உன் அக்காவிடம் கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவர்,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தா. நடந்ததில் பாதி உனக்கே தெரியும், மச்சான், தெரியாத பாதியை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது வளைவில் வண்டி மூக்கைத் தூக்கியது, கிண்ணம் சாய்ந்தது, எண்ணெயை எஞ்சின் குடித்தது. புகையில் உன் அக்கா எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. கிளட்சும் போய்விட்டது. பாதையின் நடுவில் குறுக்காக நின்றுவிட்டோம். அந்த வளைவில் மட்டும்தான் ஃபோனுக்கு ஒரு கோடு சிக்னல் உண்டு. அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, விடியக்காலைல இருந்தே வலி வருதுப்பா. எங்க இருக்கீங்க?" என்றாள். அசையாத வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பக்கத்துல வந்துட்டேன்டா" என்று சொன்னேன். அவளிடம் நான் சொன்ன முதல் தப்பான அளவு அது. உன் அக்கா சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கீழ்ப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வர வேண்டாம் என்று எழுதிவிட்ட பாதையை அவள் ஏன் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

உன் வண்டிச் சத்தம் கேட்டதும் கனவோ என்று நினைத்தேன். என் வண்டி வழியை மறித்து நின்றதைப் பார்த்து நீ ஒரு கணம் தயங்கினாய். "தள்ளிவிடு மச்சான், பள்ளத்துல போனா போகட்டும்" என்று சொன்னவன் நான்தான், அதை ஊரில் சொல்ல வேண்டாம். நீ அதைப் பள்ளத்தில் விடாமல், மலைப்பக்கத்து ஓடையில் அலுங்காமல் இறக்கி வைத்தாய். ஏறும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். "டயர் பெருசானா மீட்டர் கம்மியாத்தான் காட்டும் அத்தான்." கல்லெல்லாம் சரி, டேப் சரி, காவலர் கருவி சரி, லிட்டர் கணக்கும் குறையவில்லை. முப்பத்தொரு வருடம் பொய் அளவுக்கு அடுத்தவனைப் பிடித்தவன், நாலு மாதமாகப் பொய் அளவில் ஊரைச் சுற்றியிருக்கிறேன். பொறியாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டேன். அது ஒரு பக்கம்தான் வந்தது.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நீ கடையைத் திறக்க ஓடிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மகள் சுகம், பேத்தி இரண்டு கிலோ எழுநூறு கிராம். தராசில் முத்திரை இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஒரே கணக்கில் கிரவுன் பினியன் பார்த்து வை, காகித ஃபில்டர் மூன்று எடுத்து வை, மஞ்சள் பொட்டை நீயே உடைத்துவிடு.

இன்று காலை நர்ஸ் பழைய ஸ்கேன் தாளைக் கேட்டார். எடுப்பதற்காக உன் அக்காவின் கைப்பையைத் திறந்தேன். தாளுக்கு அடியில் இந்தக் கடிதம், ஒட்டிய உறை ஒட்டியபடி இருந்தது. இது உன் கைக்கு வந்திருந்தால் நீ வந்திருக்க மாட்டாய், அந்த ஐந்தாவது வளைவில் நாங்கள் எத்தனை மணி நேரம் நின்றிருப்போம் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. "இதைப் போடலியா?" என்று கேட்டேன். "மறந்துட்டேங்க" என்றாள். முப்பத்துநாலு வருடத்தில் கேஸ் சிலிண்டர் தேதியைக் கூட மறக்காதவள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள். குழந்தை தூங்கியதும் உறையைப் பிரித்து இதை எழுதினேன், இந்தத் தடவை தபாலில் நானே போடுகிறேன்.